கீழிருந்து பார்த்த நிறம்

செப்டெம்பர் முதல் திங்கட்கிழமையோடு முடியும் நீண்ட வாரஇறுதியில் ரொறன்ரோ ஏரிக்கரையில் விமானக் கண்காட்சி நடக்கும். 1949இல் தொடங்கிய வழக்கம் இது. நாங்கள் இருப்பது ஸ்காபுறோவில். கண்காட்சிக்கு வரும் போர்விமானங்கள் சிலவேளை எங்கள் கூரைக்கு மேலாலும் வளைந்து திரும்பும். அம்மா கனடாவுக்கு வந்த முதல் ஆண்டு அந்தச் சத்தத்துக்கு, கையில் அகப்பையோடு, சாப்பாட்டு மேசைக்குக் கீழே போய்விட்டார். இப்போது போவதில்லை. கையிலிருப்பதை வைத்துவிட்டு, சத்தம் ஓயும்வரை நின்ற இடத்திலேயே நிற்பார். பிறகு விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்வார்.

சென்ற ஆண்டு அந்த வாரஇறுதியில் நான் பேஸ்மென்ற்றில் ஒரு மொடல் விமானத்துக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தேன். அரிசி எடுக்க இறங்கி வந்த அம்மா மேசையைப் பார்த்தார்.

"என்ன பிளேன் தம்பி இது?"

பொய் சொல்லியிருக்கலாம். "கிபிர்" என்றேன்.

அம்மா கிட்ட வந்து, தொடாமல், குனிந்து பார்த்தார். "இதுவோ? இவ்வளவு வடிவாயே இருக்கும்? நாங்கள் ஒருநாளும் நிமிந்து பாக்கேல்லையே" என்றார். அரிசியை அள்ளிக்கொண்டு மேலே போய்விட்டார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அன்று நான் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டேன். ஆறு வாரம் அதைத் தொடவில்லை.

அந்த ஆறு வாரமும் யோசித்ததையே இங்கே எழுதுகிறேன். கேள்வி எளியது. எங்களைக் கொல்ல வந்த ஒரு பொருளை, விருப்பத்தோடு, பிழையில்லாமல், அழகாகச் செய்யலாமா?

மொடல் விமானம் செய்வது எனக்கு இருபது வருடப் பழக்கம். இங்கிலாந்தில் முதுநிலைப் பட்டத்துக்குப் படிக்கும்போது, குளிர்கால இரவுகளைக் கழிக்கத் தொடங்கியது. கனடாவுக்கு வந்தபின் முதலில் செய்தது அவ்ரோ ஆரோ. இங்கே மால்ற்றனில் கட்டப்பட்டு, 1959 பெப்ரவரி 20 அன்று அரசாங்கத்தால் கைவிடப்பட்ட விமானம். அது யாரையும் கொல்லவில்லை. அதைச் செய்வதில் ஒரு சங்கடமும் இல்லை. அதன் பிறகு ஸ்பிற்ஃபயர், மிக், பான்ரம் என்று எத்தனையோ. அவையெல்லாம் யாரோ ஒருவரின் வீட்டுக்கு மேலே பறந்தவைதான். அந்த வீடுகள் எனக்குத் தெரியாதவை என்பதால் நான் யோசிக்கவில்லை. இதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

கிபிரின் கதை பல நாடுகளில் பரவிக் கிடக்கிறது. பிரான்சின் டசோ நிறுவனத்திடம் இஸ்ரேல் ஐம்பது மிராஜ் 5 விமானங்களுக்குக் காசு கட்டியிருந்தது. 1967 போரோடு டி கோல் ஆயுதத் தடை விதித்தார். விமானங்கள் வரவில்லை. இஸ்ரேல் அந்த வடிவத்தைத் தானே கட்டத் தொடங்கியது. பிறகு அதன் உடலுக்குள் அமெரிக்காவின் ஜே79 எஞ்சினைப் பொருத்தி, 1975இல் உலகத்துக்குக் காட்டியது. கிபிர் என்றால் ஹீப்ரு மொழியில் சிங்கக்குட்டி. 1980களில் அமெரிக்கக் கடற்படை சில கிபிர்களை வாடகைக்கு எடுத்து, தன் விமானிகளின் பயிற்சிச் சண்டைகளில் எதிரி வேடம் கொடுத்தது. 1996இல் அது இலங்கைக்கு வந்தது. அதே ஜே79 குடும்பத்து எஞ்சின்கள் கனடாவின் ஸ்ரார்ஃபைற்றர் விமானங்களுக்காக மால்ற்றனில், ஒரெண்டா தொழிற்சாலையில் செய்யப்பட்டன. எங்கள் வீட்டிலிருந்து காரில் போய் வரக்கூடிய தூரம். அங்கே வேலை செய்தவர்கள் மாலையில் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நானும் பகலில் செய்வது அப்படியான வேலைதான். ஒரு பெரிய கணினி முறைமையின் சிறு துண்டை எழுதிக் கொடுக்கிறேன். அது கடைசியில் யாருடைய மேசையில், எதற்குப் பயன்படுகிறது என்று கேட்பதில்லை.

எங்களுக்குக் கிபிர் ஒரு பொருளாகத் தெரியாது. அது ஒரு சத்தம். 1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தை விட்டு வன்னிக்கு வந்தோம். 1996இல் கிளிநொச்சியிலிருந்தும் எழும்பினோம். அதுவரை எங்களுக்குத் தெரிந்தவை பொம்மரும் புக்காராவும் சகடையும் ஹெலியும். அவை தாழப் பறக்கும், மெல்லப் பறக்கும், வருவது தெரியும். கிபிர் அப்படியில்லை. அது குத்தி எழும்பும்போதுதான் முழுச் சத்தமும் விழும். அதற்குள் பங்கருக்குள் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் நிலத்தில் குப்புறப் படுக்கவேண்டும். அம்மா சொன்னது அதுதான். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஒருவன் பார்த்தான். எங்களுக்குப் பக்கத்துக் கொட்டிலில் இருந்தவன், என் வகுப்பு. நாங்கள் இருவரும் விமானப் பைத்தியங்கள். சத்தத்தை வைத்தே எது என்று சொல்வோம். கொப்பியின் கடைசிப் பக்கங்களில் கீறுவோம். ஒரு பத்திரிகையில் கிபிரின் மங்கலான படம் வந்திருந்தது. காற்று உள்ளே போகும் வாயோரத்தில், விமானியின் ஆசனத்துக்குச் சற்றுப் பின்னால், சின்னதாக இன்னொரு செட்டை இருப்பதுபோல் அதில் தெரிந்தது. அவன் இருக்கு என்றான். நான் அது அச்சுமை பரவியது என்றேன். பந்தயம் ஒரு ஐஸ்பழம். பொருளாதாரத் தடைக் காலம். ஐஸ்பழம் எங்கே கிடைக்கப்போகிறது என்ற துணிவில்தான் பந்தயம் பிடித்தோம்.

1997இல் ஒரு காலை, பங்கருக்குள் என் பக்கத்தில் இருந்தவன் வாசலுக்கு ஏறினான். நான் அவனுடைய சேர்ட்டைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. எனக்கும் விடை தெரியவேண்டியிருந்தது. சிதறல் பட்டு அவனுடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. அடுத்த ஆண்டு நான் கொழும்புக்கு வந்துவிட்டேன். பிறகு பேசிக்கொண்டோம். திருமணம், பிள்ளைகள், அவன் பரந்தனில் போட்ட சைக்கிள் கடை, எல்லாம் பேசினோம். பந்தயத்தைப் பற்றி மட்டும் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக ஒரு சொல்லும் பேசவில்லை.

கிபிர் பெட்டியை வாங்கியபோது இதெல்லாம் எனக்குள் இருந்தது. ஆனால் அதற்காகத்தான் வாங்கினேன் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. கடினமான பெட்டி என்று கேள்விப்பட்டேன். அதனால் வாங்கினேன்.

கடினம்தான். எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவு. முழு விமானமும் இருபத்திரண்டு சென்ரிமீற்றருக்குள் அடங்கிவிடும். மூக்குக்குள் ஈயக் குண்டுகளை ஒட்டாவிட்டால் வாலில் குந்திவிடும். காற்றுவாய்த் துண்டுகள் உடலோடு சேரும் இடத்தில் மயிரிழை இடைவெளி விழும். அதற்குப் புட்டி பூசி, காயவிட்டு, ஈரத் தாளால் தேய்த்து, மூடுவர்ணம் அடித்தால் மறுபடியும் தெரியும். மூன்று தரம் தேய்த்தேன். தேய்த்ததில் அழிந்த தகட்டுக் கோடுகளை ஊசியால் திரும்பக் கீறினேன். எஞ்சின் வால்பகுதி வெப்பத்தில் நிறம் மாறிய உலோகம். ஒரே வெள்ளி நிறத்தைப் பூசினால் அலுமினியச் சட்டி போலிருக்கும். வைக்கோல், நீலம், கபிலம் என்று மெல்லிய படலங்களாக எயர்பிரஷால் ஊதவேண்டும். இரவு பதினொன்றுக்கு, வீடு உறங்கியபின், அந்த வால்பகுதி உண்மையான உலோகம்போல் மின்னியபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. அது முழுமையான மகிழ்ச்சி. அந்த நேரத்தில் எனக்குப் பங்கர் ஞாபகம் வரவில்லை.

என்னை உறுத்துவது இந்த இடம்தான். ஒரு பொருளைச் சரியாகச் செய்வதில் முழுகும்போது, அது எதற்கான பொருள் என்பது கண்ணிலிருந்து போய்விடுகிறது. கையின் நேர்மை மனதின் நேர்மைபோலத் தோன்றத் தொடங்குகிறது. அசல் விமானத்தைச் செய்தவர்களுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். அவர்கள் கெட்டவர்களாக இருந்திருக்கவேண்டியதில்லை. கவனமான தொழிலாளிகளாக இருந்தாலே போதும்.

அளவையும் கணக்கிட்டுப் பார்த்தேன். இந்த அளவில் மனிதன் ஒருவன் இரண்டரைச் சென்ரிமீற்றருக்கும் குறைவு. விமானி 1,500 மீற்றர் உயரத்தில் இருந்தால் கீழே நிற்பவன் எப்படித் தெரிவான்? கையை நீட்டி விரல் நுனியில் பிடித்துப் பார்க்கும் முக்கால் மில்லிமீற்றர்ப் புள்ளியளவு. எள்ளைவிடச் சிறியது. அதன் மேல் குண்டைப் போடக் கொடுமைக்காரனாக இருக்கவேண்டியதில்லை. தூரமே வேலையைச் செய்துவிடும். இப்போது அந்த விமானத்தை நான் உள்ளங்கை அளவாக்கி வைத்திருக்கிறேன். அது எங்களை எள்ளாக்கியது, நான் அதை விளையாட்டுப் பொருளாக்கினேன். இதைப் பழிவாங்கல் என்று சொல்லிக்கொண்டால் மனதுக்கு இதமாக இருக்கும். ஆனால் பழிவாங்குபவன் தகட்டுக் கோடுகளை ஊசியால் கீறிக்கொண்டிருக்கமாட்டான்.

அந்த ஆறு வாரத்தில் ஒரு பிறந்தநாள் விருந்தில் இதைச் சொன்னபோது நண்பர் ஒருவர் கோபப்பட்டார். "செஞ்சோலைப் பிள்ளைகளை நினைச்சுப் பார்" என்றார். 2006 ஆகஸ்ட் 14 அன்று வதிவிடப் பயிற்சிக்கு வந்திருந்த மாணவிகள் மீது கிபிர்கள் குண்டு வீசியபோது நான் இந்த நகரத்தில்தான் இருந்தேன். அவர் கேட்டது நியாயம். அவருக்கு நான் உடனே மறுமொழி சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் இன்னொரு நாள் ஞாபகம் வந்தது. 2007 மார்ச் 26. புலிகளின் சிறிய செக் நாட்டு விமானங்கள் கட்டுநாயக்கத் தளத்தில் குண்டு வீசிய செய்தி வந்தபோது நான் எழும்பி நின்று கைதட்டினேன். அந்த விமானத்தின் மொடல் அன்று கடையில் இருந்திருந்தால் வாங்கியிருப்பேன். மேசையில் வைத்தும் இருப்பேன். யாரும் என்னிடம் கேள்வி கேட்டிருக்கமாட்டார்கள். அன்று இறந்த விமானப்படையினர் மூவருக்கும் அம்மாக்கள் இருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டையும் சமன் என்று தராசில் வைக்கவில்லை. எண்ணிக்கையும் காலமும் சமனில்லை. நான் சொல்வது என் கண்ணைப் பற்றி. மேலே பறப்பது எங்களுடையது என்றால் அது கீழே இருப்பவரைப் பார்ப்பதில்லை.

பிறகு அடையாளங்களைப் பற்றிய கேள்வி வந்தது. பெட்டியோடு வந்த ஒட்டுப்படங்கள் இஸ்ரேலிய விமானப்படையினுடையவை. அவற்றை ஒட்டிவிட்டால் "இது எங்கள் மேலே பறந்ததல்ல" என்று தப்பிவிடலாம். ஒன்றும் ஒட்டாமல் விட்டால் அது வெறும் வடிவம். ஜேர்மனியில் விற்கும் மொடல் பெட்டிகளில் நாசி விமானங்களின் சுவஸ்திகாவைத் தவிர்த்துவிடுவார்கள், அல்லது இரண்டு பாதியாகப் பிரித்து அச்சிடுவார்கள். அதற்குச் சட்டக் காரணம் இருக்கிறது. ஆனால் சின்னம் இல்லாத விமானம் சுத்தமான விமானமாகிவிடுமா? செய்தவரையும் ஓட்டியவரையும் மறைத்துவிட்டு, அழகை மட்டும் எடுத்துக்கொள்வது எனக்குச் சின்னத்தை ஒட்டுவதைவிட மோசமாகப் பட்டது. இலங்கை விமானப்படையின் ஒட்டுப்படங்களைத் தனியாகத் தருவித்தேன். குண்டுகளையும் பொருத்தினேன். குண்டில்லாமல் கிபிர் இன்னும் ஒயிலாக இருக்கும். ஆனால் அது எங்களிடம் அப்படி வரவில்லை.

மகளுக்குப் பதினொரு வயது. அவள் கேட்டாள்: "அப்பா, இது நல்ல ஆக்களின்ர பிளேனா, கூடாத ஆக்களின்ர பிளேனா?"

அந்த நேரத்தில் எனக்கு வந்த மறுமொழி சூரன். சூரன் போர் பார்க்க அவளை ஆண்டுதோறும் கோவிலுக்குக் கூட்டிப்போகிறோம். நான் சின்ன வயதில் நல்லூரில் அப்பாவின் தோளிலிருந்து பார்த்தது. யானைத் தலை போய்ச் சிங்கத் தலை வரும், பிறகு சூரனின் சொந்தத் தலை, பிறகு மாமரம், கடைசியில் சேவலும் மயிலும். அந்தச் சூரனைச் செய்தவர் யார்? எதிரியல்ல. எங்கள் தச்சர், எங்கள் வர்ணக்காரர். மீசை முறுக்கும் கண்ணின் சிவப்பும் பிசகாமல் செய்தார்கள். அவனைத் தூக்கி ஆடுபவர்களும் முருகன் அடியார்கள்தான். ஆட்டம் நன்றாக இல்லாவிட்டால் சனம் குறை சொல்லும். ஆண்டு முழுவதும் அவன் முருகனின் மயில்வாகனம் இருக்கும் அதே கோவிலில் இருக்கிறான். எதிரியை அலங்கோலமாகச் செய்தால் வென்றதற்கும் மதிப்பில்லை, பட்டதற்கும் மதிப்பில்லை என்று அந்தத் தச்சர்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

ஆனால் ஒரு வித்தியாசத்தையும் சொல்லவேண்டும். சூரன் தனியாக வருவதில்லை. அவனுக்கு முன்னால் முருகன் வருவார், சுற்றிச் சனம் நிற்கும். கதை முழுவதும் வீதியில் இருக்கும். என் மேசையில் இருந்தது கதையில்லாத சூரன். மகளின் கேள்விக்கு என்னால் மறுமொழி சொல்ல முடியாமல் போனது அதனால்தான்.

ஆறு வாரத்துக்குப் பிறகு மிச்ச வேலையைத் தொடங்கினேன். கடைசியாக ஒட்டியவை அந்த இரண்டு சின்னச் செட்டைகள். காற்றுவாய்களுக்கு மேலே, பக்கத்துக்கு ஒன்று. சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியவை. படம் எடுத்து, ஒன்றும் எழுதாமல், பரந்தனுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. அந்த இரண்டு நாளும் நான் செய்ததை நினைத்து வெட்கப்பட்டேன். மூன்றாம் நாள் அவனே அழைத்தான்.

"செட்டை இருக்குதெல்லோ?" என்றான்.

"இருக்கு. நீ சொன்னதுதான் சரி."

"அப்ப ஐஸ்பழம் எங்க?"

இருவரும் சிரித்தோம். பிறகு நான் சேர்ட்டைப் பிடிக்காததைச் சொன்னேன். அவன் கொஞ்சநேரம் பேசவில்லை. "நீ பிடிச்சிருந்தாலும் நான் போயிருப்பன்டா" என்றான். அது உண்மையா, எனக்காகச் சொன்னதா, தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

"வடிவாச் செய்திருக்கிறாய்" என்றான். "ஆனா நீ மேலயிருந்தெல்லோ படம் எடுத்திருக்கிறாய். நான் பாத்தது இப்பிடியில்லை. பிரட்டி எடுத்து அனுப்பு."

விமானத்தைக் கவிழ்த்து, வயிற்றைப் படம் எடுத்து அனுப்பினேன். போர்விமானத்தின் முதுகை நிலத்தின் நிறத்திலும் வயிற்றை வானத்தின் நிறத்திலும் பூசுவார்கள். அண்ணாந்து பார்ப்பவனின் கண்ணுக்குத் தெரியாமல் இருக்க. செய்முறைத் தாளில் சொன்ன வெளிர்நீலத்தை நான் ஒரு மணித்தியாலத்தில் அடித்து முடித்திருந்தேன். மேசையில் வைத்தால் தெரியாத பக்கம் என்பதால் அதில் பெரிய கவனம் எடுக்கவில்லை. அவனோடு பேசிக்கொண்டிருக்கும்போதுதான் விளங்கியது. அந்த விமானத்தில் எங்களுக்காகவே பூசப்பட்ட நிறம் அது ஒன்றுதான்.

"நீலம் கூடிப்போச்சு" என்றான் அவன். "இவ்வளவு நீலமில்லை. சாம்பல் கலந்த மாதிரி. கிட்ட வரும்வரைக்கும் வானம்தான் எண்டு நினைச்சன்."

வயிற்றுப் பக்கத்தை மூடி மறைத்து, அவன் சொன்னபடி மறுபடியும் அடித்தேன். மூன்று தரம் படம் அனுப்பினேன். மூன்றாவதற்குத்தான் "ஓம்" என்றான். எனக்குத் தெரிந்தவர்களில் அந்த நிறத்தைச் சரிபார்க்கக்கூடியவன் அவன் ஒருவன்தான். செய்முறைத் தாள் எழுதியவருக்கு அது தெரியாது.

என் கேள்விக்கு நான் கண்ட மறுமொழி இவ்வளவே. எங்களைக் கொல்ல வந்ததைச் செய்யலாம். அழகாகவும் செய்யலாம். செய்யும்போது மகிழ்ச்சி வந்தால் அதற்காக நடிக்கவும் வேண்டாம். ஆனால் மேலேயிருந்து மட்டும் பார்த்துச் செய்தால், எவ்வளவு நுணுக்கமாகச் செய்தாலும் அது பிழையான மொடல். கீழே இருந்தவனிடம் கேட்காமல் அதன் நிறம் சரியாகாது. செஞ்சோலையை நினை என்ற நண்பருக்கும் இதைத்தான் சொன்னேன். அவர் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. பார்க்கமாட்டேன் என்று சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு. அம்மாவுக்கும் உண்டு. அதனால் கிபிர் கண்ணாடி அலுமாரியில் மற்ற விமானங்களோடு இல்லை. ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. கேட்பவருக்கு எடுத்துக் காட்டுகிறேன், கதையோடு.

மகளுக்கும் அப்படித்தான் காட்டினேன். பந்தயத்தைச் சொன்னேன், சேர்ட்டைச் சொன்னேன், காலைச் சொன்னேன். அவள் விமானத்தை வாங்கி, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, கீழேயிருந்து வயிற்றைக் கனநேரம் பார்த்தாள். நல்ல ஆக்களா கூடாத ஆக்களா என்று மறுபடி கேட்கவில்லை. "மாமாவுக்கு ஐஸ்பழம் குடுத்திட்டீங்களா?" என்று கேட்டாள்.

வரும் கோடையில் குடும்பத்தோடு பரந்தனுக்குப் போகிறோம். விமானத்தையும் கொண்டுவரவா என்று அவனிடம் கேட்டேன்.

"வேண்டாம் மச்சான்" என்றான். "அது அங்கயே இருக்கட்டும். நீங்கள் வாங்கோ."